பச்சை பிடிக்காத வட்டம்

ஒரு கிருமி சாகாமல் இருந்ததற்காக நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இதை எங்கே சொன்னாலும் எதிரில் இருப்பவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். "கிருமியைக் கொல்லத்தானே படிச்சீங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. கொல்லத்தான் படித்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் எம்.ஃபில். சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலையே அதுதான். மலையடிவாரத்தில் கிடைக்கும் இலை, காய், பட்டைகளிலிருந்து சாறு எடுக்க வேண்டும். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள்மேல் அதை வைத்து, எது கொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அது எப்படி நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டமான கண்ணாடித் தட்டில் அகார் என்ற கடல்பாசிக் கூழை ஊற்றி உறைய வைப்போம். அதன்மேல் கிருமியை முழுக்கத் தடவுவோம். சட்டைப் பொத்தான் அளவுக் காகித வில்லைகளைச் சாற்றில் நனைத்து, உலர்த்தி, தட்டின்மேல் வைப்போம். ஒரு நாள் இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் இருந்தால் கிருமி வளர்ந்து தட்டையே மூடிவிடும். வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் வெறிச்சென்று ஒரு வட்டம் விழுந்திருந்தால் சாறு கொன்றிருக்கிறது என்று அர்த்தம். அந்த வட்டத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுவோம். வட்டம் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் 'நில்' என்று எழுதிவிட்டுத் தட்டைக் கழுவப் போட வேண்டியதுதான். எங்கள் துறையில் வட்டத்தின் அளவுதான் ஆளின் அளவு. பெரிய வட்டம் கிடைத்தவர் அன்றைக்குக் கேன்டீனில் நடுநாயகமாக உட்காருவார்.

எங்களுக்கு வாய்த்த கிருமி சூடோமோனாஸ் என்ற வகை. நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து அதைச் சோதனைக் குழாயில் வாங்கிவரப் போனவள் நான்தான். அது ஒரு மில் தொழிலாளியின் புண்ணிலிருந்து எடுத்தது. கொதிநீர் கொட்டிக் கால் வெந்துபோன மனிதர். கட்டைப் பிரித்தபோது பஞ்சும் துணியும் சாயத்தில் முக்கி எடுத்ததுபோலப் பச்சையாக இருந்தன. இந்தக் கிருமி கக்கும் நிறம் அது. ஒரு தித்திப்பான வாடை வேறு. ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ மருந்து கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்றார் நர்ஸ். அந்த மனிதர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "புது டாக்டருங்களா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கால் என்ன ஆயிற்று என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தக் கிருமிக்குத் துறையில் பதினேழு என்று எண் கொடுத்தார்கள். அதன் மூலக்குழாயைக் குளிர்பெட்டியில் வைத்து, அதிலிருந்துதான் ஆய்வு மாணவர்கள் பதினோரு பேரும் எடுத்து வேலை செய்தோம். மதர் கல்ச்சர் என்று அதற்குப் பெயர். அதில் வேறு ஏதாவது கிருமி கலந்துவிட்டால் பதினோரு பேர் வேலையும் வீண். மாதம் ஒருமுறை அதைப் புதுக் குழாய்களுக்கு மாற்றும் வேலையை எங்கள் சார் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது.

என் வீடு தொண்டாமுத்தூர்ப் பக்கம். ஊருக்குள் இல்லை, காலனியில். அம்மா அடுத்தவர் தோட்டங்களில் வெங்காயத்துக்குக் களை வெட்டப் போவார். அப்பா தேங்காய் உரிப்பவர். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒன்பது மணிக்குள் கல்லூரியில் இருக்க முடியும். வழியில் யானை நின்றால் அந்த பஸ்ஸும் வராது. தாமதத்துக்குக் காரணம் யானை என்று எழுதிக் கொடுத்தால் டவுன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எம்.எஸ்ஸி.யில் நான்தான் முதல். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது. முதல் என்றால் முதல்தான்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த சார் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக் குடும்பத்தவர். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் அவசரக்காரர். தப்பான முடிவைக்கூடத் தெளிவாக, இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். எல்லாரும் அவருக்குப் பயப்படுவோம், நான் ஒரு மாற்றுக் குறைவாகப் பயப்படுவேன். துறையில் இன்னொரு முக்கியமான ஆள், அகார் காய்ச்சித் தட்டு ஊற்றிக் கொடுக்கும் அக்கா. மதுக்கரையிலிருந்து வருவார். நீராவியில் எல்லாவற்றையும் அவித்துச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவை அவர் குக்கர் என்றுதான் சொல்வார். யார் கிருமி எடுக்கும் கம்பியை நெருப்பில் காட்டாமல் தொட்டார்கள், யார் தட்டைத் திறந்து வைத்துவிட்டு அரட்டை அடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யாரிடமும் சொல்லமாட்டார்.

நான் எடுத்துக்கொண்டது கடுக்காய். கொட்டையை நீக்கி, இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கிவிட்டால் குடுவையின் அடியில் வெல்லப்பாகு மாதிரிக் கொஞ்சம் மிஞ்சும். அதுதான் சாறு. மற்றவர்கள் அதை வழித்தெடுத்துவிட்டுக் குடுவையைக் கழுவப் போட்டுவிடுவார்கள். எனக்கு மனசு வராது. எங்கள் வீட்டில் எண்ணெய்ப் புட்டி காலியானால் சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கிக் குழம்பில் ஊற்றுவோம். தயிர்ச்சட்டியைக் கழுவின தண்ணீர் மோராகும். அந்தக் கை பழகிய பழக்கத்தில், குடுவையின் சுவரில் ஒட்டியிருந்ததையும் கொஞ்சம் மெத்தனால் விட்டுக் கழுவி, அந்தக் கழுவலையும் வில்லைகளில் ஏற்றி உலர்த்தினேன். சார் சொல்லவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை, வீணாகப் போகிறதே என்றுதான் செய்தேன். தட்டின் பின்புறத்தில் அந்த வில்லைகளுக்கு நேராகக் கழுவல் என்பதற்கு 'க' என்று எழுதினேன். வெறும் மெத்தனாலில் நனைத்து உலர்த்திய வில்லை ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தேன். அது எல்லாரும் செய்வது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டுகளை எடுத்தேன். கெட்டிச் சாறு வைத்த வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழுந்திருந்தது. சந்தோஷம். 'க' வில்லையைச் சுற்றிக் கிருமி தாராளமாக வளர்ந்திருந்தது, வில்லையை உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது. 'நில்' என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். எதற்கோ தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். தட்டு முழுக்கப் பச்சை. 'க' வில்லையைச் சுற்றி மட்டும் பச்சையே பிடிக்காத ஒரு வட்டம். கிருமி இருக்கிறது, பச்சை இல்லை. அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் வெளிறிப்போய்க் கிடந்தது. மூன்று தட்டு வைத்திருந்தேன், மூன்றிலும் அப்படியே. வெறும் மெத்தனால் வில்லையைச் சுற்றிப் பச்சை ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். ஓடாமல் இருந்திருக்கலாம். அப்போது அவர் ஆய்வகத்தின் நடுவில் நின்று எல்லாருடைய தட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பேரில் மீதிப் பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். என் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? ரெண்டு கிருமி வளந்திருக்குது."

"ஒண்ணுதானுங்க சார். பச்சை மட்டும் வரலீங்க."

"எப்படி வராமப் போகும்? சாறு பதினேழைக் கொன்னிருக்குது. கொன்ன எடத்துல கலப்படக் கிருமி வந்து உக்காந்திருக்குது. மூணு தட்டுலயும் அப்படின்னா நீ மதர் ட்யூப்லயே கலந்துபோட்டேன்னு அர்த்தம்." மூடியைப் படக்கென்று மூடினார். "கை சுத்தமெல்லாம் ஊட்டுலயே பழகிட்டு வரோணும். அதையெல்லாம் இங்க வந்து சொல்லிக் குடுக்க முடியாது."

எந்த வீடு என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி தன் நோட்டைப் பார்த்துக்கொண்டாள். ஒருவன் ஜன்னலைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் குக்கர்ல போடச் சொல்லு. திங்கக்கிழமை வரைக்கும் எதையும் தொடாதே. நீ இங்க இருக்கலாமா வேண்டாமான்னு அப்ப பேசிக்கலாம்."

"சரிங்க சார்" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, "சரிங்க" என்றுதான் வரும். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. சத்தம் போட்டால் நான் தோற்றேன் என்று எனக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு நெஞ்சு எரிந்தது. என் அம்மா தோட்டத்திலிருந்து வந்தால் சாம்பல் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவாமல் சோற்றுப் பானையைத் தொடமாட்டார். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவள் நான். எம்.ஃபில். போனால் போகிறது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்தச் சொல்லோடு போகமுடியாது.

சார் சொன்னதில் வாதம் இல்லாமல் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கோபத்திலும் அது புரிந்தது. உண்மையிலேயே கலப்படமாக இருந்தால் சார் சொன்ன மாதிரியேதான் தட்டு இருக்கும். அப்படியானால் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே வழி. வெளிறிய இடத்திலிருந்து ஒரு துளி எடுத்து, சாறு இல்லாத புதுத் தட்டில் விட வேண்டும். வேறு கிருமி என்றால் அங்கேயும் வெளிறித்தான் வளரும். பதினேழாம் எண்ணேதான் என்றால் சாற்றை விட்டு விலகியதும் மறுபடி பச்சை வர வேண்டும்.

தட்டுகளை அக்காவின் அறைக்கு எடுத்துப்போனேன். அவருக்கு விஷயம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"குக்கர் சூடாகறதுக்கு அரை மணி நேரம் ஆகும் கண்ணு. அதுவரைக்கும் அந்த மேசை சும்மாதான் கிடக்குது" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பாட்டில்களை எண்ண ஆரம்பித்தார்.

ஒரு புதுத் தட்டின் நடுவே பின்புறம் கோடு போட்டேன். வெளிறிய இடத்திலிருந்து எடுத்ததை ஒரு பாதியில் தேய்த்தேன், பச்சை இடத்திலிருந்து எடுத்ததை மறுபாதியில். கம்பியை ஒவ்வொரு முறையும் செக்கச் சிவக்கக் காய்ச்சினேன். தேவைக்கு மேலேயே காய்ச்சினேன்.

சனிக்கிழமை துறைக்கு அரை நாள்தான். சார் வரவில்லை. இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாதி பச்சை. மறுபாதி வெளிறித்தான் இருந்தது. சார் சொன்னது சரி. கலப்படம். என் கைதான். பத்துப் பேர் முகமும் வரிசையாக வந்தது. மூன்று மாத வேலையைக் குப்பையில் போட்ட பெண் என்று இனி என்னைச் சொல்வார்கள், சொன்னால் அதில் பொய் ஒன்றுமில்லை. அழுதேனா என்றால், அழுதேன். அக்கா வந்து பார்த்துவிட்டு டீ வாங்கிவந்து வைத்தார்.

அழுகை நின்ற பிறகு தட்டை மறுபடி பார்த்தேன். வெளிறிய பாதியில் கம்பி முதலில் தொட்ட இடம் நன்றாக வெளிறியிருந்தது. கோடு இழுத்து இழுத்துக் கடைசியில் முடிந்த ஓரத்தில், நான்கைந்து தனிப் புள்ளிகளில், லேசாக ஒரு சாயல். பச்சை என்று சத்தியம் செய்ய முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்போதுதான் உறைத்தது. கம்பியில் கிருமி மட்டுமா வந்திருக்கும்? அது கிடந்த இடத்துச் சாறும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். குடுவையையே கழுவி எடுக்கிறவள் கிருமியைக் கழுவாமல் விட்டிருக்கிறேன்.

வெளிறிய பாதியிலிருந்து கிருமியை எடுத்து, அவித்து ஆறவைத்த உப்புநீரில் கலக்கினேன். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் கிருமி அடியில் படியும், மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புது உப்புநீர் விட வேண்டும். மூன்று முறை அப்படிக் கழுவினேன். பிறகு புதுத் தட்டில் விட்டேன். பக்கத்தில் இன்னொரு தட்டில் அதையே முழுக்கத் தடவி, மருத்துவமனையில் தோற்றுப்போன மருந்துகளின் வில்லைகளை வரிசையாக வைத்தேன். பதினேழாக இருந்தால் அந்த மருந்துகள் ஒன்றுக்கும் அது மசியக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு களை வெட்டப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். "படிக்கற புள்ள, கையெல்லாம் கொப்புளம் வந்துரும், போ ஊட்டுக்கு" என்று அம்மா விரட்டினார். போகவில்லை. விஷயத்தை அவரிடம் சொல்லவும் இல்லை. அந்த வாக்கியத்தை அவர் காதில் போட எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஆய்வகத்தில் அக்கா மட்டும்தான். தட்டை எடுத்தேன். முழுக்கப் பச்சை. முதல் கோட்டிலிருந்து கடைசிப் புள்ளிவரை, கண்ணைக் குத்தும் பச்சை. மருந்து வில்லைகள் வைத்த தட்டில் ஒரு வில்லையைச் சுற்றிக்கூட வட்டம் இல்லை. அதே கிருமி, அதே முரடு. வேறு எதுவும் கலக்கவில்லை. நான் அந்தத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். நுண்ணுயிரியல் படித்தவர் யாரும் செய்யக் கூடாத காரியம்.

"பச்சைங்களா கண்ணு?" என்றார் அக்கா.

"பச்சைங்கக்கா."

சார் வந்ததும் இரண்டு தட்டையும் மேசையில் வைத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொடாதேன்னு சொன்னேனே?"

"தொட்டுட்டேனுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. தானே கம்பியை எடுத்து, வெளிறிய கிருமியையும் மூலக்குழாயையும் தன் கையால் தனித்தனியாகத் தேய்த்து, மூன்று நாள் என்னை ஒன்றும் கேட்காமல் வேலை செய்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், வேறு சோதனைகள் வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே பதில்தான் வந்தது. வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"சரி, அதே கிருமிதான். கழுவின தண்ணியை எதுக்கு வெச்சே?"

"எங்க ஊட்டுல பாத்திரத்தைக் கழுவி ஊத்திக்கறதுதானுங்க சார் பழக்கம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதலில் கண்ணை எடுத்தது நான் அல்ல.

"ஆனா சாகலையே அம்மணி. சாகாததை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மில் தொழிலாளியின் காலைத் தின்றது கிருமியின் உயிர் அல்ல, அது செய்யும் வேலை. அது பச்சையைக் கக்குகிறது, தசையைக் கரைக்கும் நொதிகளைக் கக்குகிறது. அவற்றைக் கக்கவிடாமல் செய்துவிட்டால் அது இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? கொல்லும் மருந்து கொடுத்தால் சாகிறது செத்துப்போகும், சாகாத முரடுகள் மட்டும் மிஞ்சிப் பெருகும். அப்படித்தானே பதினேழாம் எண் உருவானது. கொல்லாமல் கையைக் கட்டிப்போட்டால் மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். இதைச் சாரிடம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "பால் தட்டு ஒண்ணு போட்டுப் பாக்கறேனுங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

பால் தட்டு என்பது அகாரில் ஆடை நீக்கிய பாலைக் கலந்து ஊற்றுவது. தட்டு சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக இருக்கும். தசையைக் கரைக்கும் நொதி உள்ள கிருமி பாலின் புரதத்தையும் கரைத்துவிடும். அது வளரும் இடத்தைச் சுற்றி வெள்ளை போய்க் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். அக்கா பாலைத் தானே காய்ச்சி, ஆடையை ஊதி ஊதி எடுத்துத் தட்டு ஊற்றிக் கொடுத்தார். பாதித் தட்டுகளில் பாலோடு என் கழுவலையும் சேர்த்தோம், பாதியில் வெறும் மெத்தனாலை. எல்லாவற்றிலும் பதினேழை ஒரு துளி வைத்தேன்.

மறுநாள் பார்த்தால், மெத்தனால் சேர்த்த தட்டுகளில் துளியைச் சுற்றிப் பால் கரைந்து பெரிய ஓட்டை விழுந்தது போலிருந்தது. கழுவல் சேர்த்த தட்டுகளில் கிருமி அதே அளவு வளர்ந்திருந்தது, பால் வெள்ளையாகவே இருந்தது. அக்காதான் முதலில் பேசினார்: "இருக்குது, ஆனா ஒண்ணும் பண்ணல பாருங்க!" சார் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லைப் புடுங்கின பாம்பு" என்றார் மெதுவாக. அன்றைக்கு ஆய்வகத்திலேயே சின்ன வட்டம் என்னுடையதுதான். நான் தலை நிமிர்ந்து கேன்டீனுக்குப் போனேன்.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கடுக்காய்க் கழுவல் மருந்தாகவில்லை. தட்டில் நடப்பது உடம்பில் நடக்க நெடுந்தூரம் போக வேண்டும், அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் துறையில் வசதி இல்லை. கிருமிகள் தங்களுக்குள் ரசாயனத்தில் சேதி அனுப்பிக்கொள்ளும், போதுமான கூட்டம் சேர்ந்ததும் ஒன்றாகத் தாக்கத் தொடங்கும், அந்தச் சேதியைக் குலைக்கும் பொருள்கள் செடிகளில் உண்டு என்றெல்லாம் பெரிய ஆய்வகங்கள் விளக்கி எழுதியதைப் பல வருஷம் கழித்து நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். கொஞ்சம் பொறாமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிட அதிகம் பூரிப்பாக இருந்தது. விளக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. இதை என் மாணவிகளிடம் இன்றும் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

பால் தட்டைப் பார்த்த அன்று பிற்பகல் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் எம்.ஃபில்.லில் தொடர்வதில் இனிக் கேள்வி இல்லை. அவர் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னார். கல்லூரிகளுக்கு இடையிலான கருத்தரங்கில் இந்த வேலையைப் படிக்கலாம், கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது, என் பெயர் பின்னால் வரட்டும் என்றார். அந்தக் காலத்தில் எந்த வழிகாட்டியும் அவ்வளவு லேசாகக் கொடுக்காத பெருமை அது. வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"சொல்லும்மா."

"போன வெள்ளிக்கிழமை சொன்னீங்களே, அப்ப எல்லாரும் இருந்தாங்க. இப்ப இங்க நீங்களும் நானுந்தான் இருக்கறோம்."

அவர் முகம் மாறியது. மேசைமேல் இருந்த காகிதத்தை நேராக்கினார். நேராக இருந்ததையே மறுபடி நேராக்கினார். கருத்தரங்கு போயிற்று, முதல் பெயர் போயிற்று என்று நினைத்தேன். போனாலும் கேட்டாயிற்று என்றும் நினைத்தேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லு" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். சார் ஆய்வகத்தின் நடுவில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். பேச்சை நீட்டவில்லை.

"கல்ச்சர் கலந்துபோச்சுன்னு நான் இந்தப் பொண்ணைச் சொன்னேன். கலக்கல. சுத்தமாத்தான் இருந்துச்சு. நான் ஒழுங்காப் பாக்காம ஊட்டைப் பத்திப் பேசிப்போட்டேன். பேசியிருக்கக் கூடாது. அது என்ற தப்பு."

அவர் குளிர்பெட்டியைத் திறந்து பதினேழின் மூலக்குழாயை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"இந்த மாசம் மாத்தி வெக்கோணும். இனிமே மாசாமாசம் நீயே செஞ்சுரு அம்மணி."

வாங்கினேன். பர்னரைப் பற்றவைத்தேன். பத்துப் பேரும் சாரும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பி சிவந்து ஆறியதும் மூலக்குழாயிலிருந்து எடுத்து, எட்டுப் புதுக் குழாய்களுக்கு ஒவ்வொன்றாக மாற்றினேன். திங்கட்கிழமை எட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எட்டிலும் பதினேழைத் தவிர வேறு எதுவும் வளரவில்லை.